சங்கிலிவாள் உயிர்பெற்ற படலம்

வாழ்க கோமதிசங்கர்! ஐம்பத்தொரு வயதினன், அரைக்கை பனியனன், மூக்கின் நுனிவரை வழுக்கி இறங்கிய கண்ணாடியினன், அரசு அலுவலகம் ஒன்றின் மூன்றாம் மேசையை இருபத்துமூன்று ஆண்டுகளாகத் தனியாண்ட கோமான், மண்ணெண்ணெய் மணக்கும் மார்பினன், நகக்கண் பத்திலும் கிரீஸ் பூண்ட கையினன், அவன் வாழ்க! அவன் பிடித்த ஸ்பேனர் வாழ்க! அவன் தேய்த்துத் தேய்த்து வீசிய உப்புத்தாள்கள் வாழ்க! தேரையும் யானையையும் பாட வல்லவர் பலர் உளர், அவர்கள் பாடட்டும். யாம் பாடப் புகுவது, சங்கரன்கோவில் நகரத்துச் சிறு தெருவொன்றில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குத் தொடங்கிப் பன்னிரண்டு இருபத்தேழுக்கு ஓய்ந்த பெரும்போர். திருகாணிகளுக்கும் வாஷர்களுக்கும் தெய்வம் ஒன்று உண்டெனில், கைதவறிய நட்டு பீரோவுக்கு அடியில் உருண்டோடி மறைவதைப் புன்னகையோடு பார்த்திருக்கும் அத்தெய்வமே, இக்கதை முடியும்வரை எம் நாவுக்கு எண்ணெய் விட்டு அருள்க!

முதலில் படைக்கலத்தைச் சொல்வோம். படித்தவர் அதைச் செயின்சா என்பர். தெருவார் மரம் அறுக்கிற மிஷின் என்பர். காவிய மரபு கருதி யாம் சங்கிலிவாள் என்போம். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் கடல்கடந்து வந்து, மேற்கு மலைத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் இறங்கி, நின்ற மரங்களையெல்லாம் கிடக்கும் மரங்களாக்கிய அந்தப் பதினான்கு கிலோ வேழம், ஒருநாள் நடுக்காட்டில் இருமியது, இரண்டு முறை விக்கியது, பின் வாய்மூடியது. அதன்பின் முப்பது ஆண்டுகள் அத்தோட்டத்துக் கோழிக்கூட்டில் பெட்டைகளுக்கு முட்டையிடும் ஆசனமாகத் தொண்டாற்றி, இறுதியில் கடையநல்லூர் மைதீன் பாட்சாவின் பழைய இரும்புக் கடையில், உடைந்த கட்டில் காலுக்கும் ஓட்டைப் பம்புசெட்டுக்கும் நடுவே, சிறகொட்டிய எச்சத்தோடு வீற்றிருந்தது.

அங்கேதான் நம் வீரன் அதைக் கண்டான். கண்டதும் விலை பேசினான். வீட்டில் ஏற்கெனவே பத்துச் சங்கிலிவாள்கள் இருந்தன. பத்தையும் அவனே தேடிப் பிடித்து, கழற்றி, கழுவி, வண்ணம் பூசி, மீண்டும் மாட்டியிருந்தான். பத்தும் அழகு, பத்தும் ஊமை. ஒன்றுகூட ஒருநாளும் ஓடியதில்லை. பிறகு ஏன் இந்த வேட்கை என்று கேட்பீராயின், மூன்றாம் மேசையில் வந்து அமர்ந்து பாருங்கள். அங்கே கோப்புகள் நகரும், முடிவதில்லை. மேலே போகும், குறிப்பெழுதப்பட்டுத் திரும்பி வரும், மீண்டும் போகும். ஒரு கயிற்றை இழுத்தால் ஓர் இயந்திரம் ஓடும், அல்லது ஓடாது. ‘மேல்நடவடிக்கைக்காக’ என்று எழுதி அதை எங்கும் அனுப்ப முடியாது. அந்தத் தெளிவுக்காகவே அவன் உயிர்வாழ்ந்தான். தன் வாழ்நாளில் ஒரே ஒருமுறை, தன் கையால் இழுத்த ஏதேனும் ஒன்று ‘டர்ர்’ என்று பதில் சொல்ல வேண்டும் என்பது தவிர அவனுக்கு வேறு பேராசை இல்லை.

அவன் அந்த வேழத்தை மடியிலிருத்திப் பேருந்தேறி வந்ததும், அதன் பற்சங்கிலி அருகிருந்தவர் வேட்டியைக் கவ்வியதும், நடத்துநர் நெடுநேரம் அதை உற்றுநோக்கி, “அண்ணாச்சி, இது லக்கேஜா, ஆளா? எதுன்னாலும் ஒரு டிக்கெட்ட எடுங்க” என்று தீர்ப்புரைத்ததும் வேறொரு காவியத்துக்குரிய செய்திகள். ஏழு மாதங்கள் நடந்த திருப்பணியைச் சொல்வோம். துருவேறிய திருகாணிகளை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, ஒன்றுக்கு ஒருநாள் வீதம் அவற்றின் மனத்தை மாற்றினான். பிஸ்டனுக்குப் புது ரிங் தேடி மூன்று மாவட்டம் அலைந்து, கடைசியில் ஏதோ பழைய மொபெட்டின் ரிங்கை அரம்போட்டு ஒத்துவரச் செய்தான். இஞ்சினின் இரு பாதிக்கு நடுவே வைக்கும் அட்டைக்கு, கையில் கிடைத்த கெட்டியான கல்யாணப் பத்திரிகையை வெட்டினான். அதனால் மண்டபத்தின் பெயர் வெட்டுப்பட்டுப்போய், அவனும் அவன் மனைவியும் முன்பின் தெரியாத யாருடைய நிச்சயதார்த்தத்திலோ மொய் எழுதிவிட்டு வந்தனர். பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டர் என்னும் நுண்துளை மாளிகையைத் துலக்கப் புளியங்குடி எலுமிச்சை பன்னிரண்டைப் பிழிந்து, அச்சாற்றில் அதை இட்லிக் கொப்பரையிலிட்டு வேகவைத்தான். அன்று முதல் அவ்வீட்டு இட்லியில் பெட்ரோல் மணமும், பெட்ரோலில் இட்லி மணமும் பிரிக்கவொண்ணாதபடி கலந்தன.

இனி, அவ்வீட்டின் பேரரசியும் நம் வீரனின் இல்லத்தரசியுமான மாலதியைப் போற்றுவோம். ஏழு மாதங்கள் பொறுத்தாள். ஏழாம் மாதக் கடைசிச் செவ்வாயன்று, சோற்றுப் பானையின் மூடியைத் திறந்தபோது உள்ளே ஒரு ஸ்பிரிங் வெந்து கிடந்தது. அவள் அதைக் கரண்டியால் எடுத்து, கணவன் இலையில் கூட்டுக்குப் பக்கத்தில் வைத்து, மும்முரசும் முழங்காமலே பின்வரும் ஆணையை வெளியிட்டாள்:

“இந்தா பாருங்க. வீட்டுல பதினொரு மிஷின் கெடக்கு. ஒண்ணாவது என்னைக்காவது சத்தம் போட்டுருக்கா? போன மாசம் எங்க அண்ணன் வந்தான், படுக்க எடமில்லாம மொட்ட மாடியில கொசுக்கடியில கெடந்தான். ஞாயித்துக்கிழம பன்னெண்டு மணி வரைக்கும் பாப்பேன். இது ஓடிச்சுன்னா, அதுக்கப்புறம் பேசுவோம். ஓடலன்னா பதினொண்ணும் பாட்சா பாய் வண்டியில ஏறிரும். இப்பமே போன் போட்டுச் சொல்லுதேன்.”

சொன்னாள், போனும் போட்டாள். நம் வீரன் ஸ்பிரிங்கைக் கழுவிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மோர் ஊற்றிச் சாப்பிட்டான்.

போர் என்றால் பகை வேண்டும். பகை, அடுத்த வீட்டில் வேரோடி நின்றது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியை தேவமணி டீச்சரின் வளாகத்தில் (காவியமே ஆனாலும் அவரை ஒருமையில் சொல்லும் துணிவு எமக்கில்லை) ஒரு முருங்கை இருந்தது. அதன் பெருங்கிளை, தொடைப் பருமனில், மதிலைத் தாண்டித் தெருவுக்குள் கை நீட்டிக்கொண்டிருந்தது. அக்கிளையெங்கும் கம்பளிப்பூச்சிகள், உரோமக் கவசம் பூண்டு, அடுக்கடுக்காகப் பாசறை அமைத்திருந்தன. தெருவில் போனவர் குடைபிடித்துப் போயினர். கிளையை வெட்டுவது என்று முடிவானதும், வெட்டும் உரிமை கேட்டு முதலில் வந்தவன் கோமதிசங்கர். இரண்டாவதாக வந்தவன் டீச்சரின் மருமகன் சாம்சுந்தர். மாமியார் வீட்டிலேயே வாழ்பவன். இணையத்தில் வாங்கிய பேட்டரிச் சங்கிலிவாள் ஒன்றை, பச்சை நிறம், மூன்றே கிலோ, கைக்குழந்தையைப் போல் தூக்கித் திரிபவன். டீச்சர் இருவரையும் நிற்கவைத்து, பழைய நாட்களில் காலைவணக்கக் கூட்டத்தில் அறிவிக்கும் அதே குரலில் அறிவித்தார்:

“சார்வாள்தான் மொதல்ல கேட்டாங்க. குடுத்த வாக்கை நான் மாத்த மாட்டேன். ஞாயித்துக்கிழமை பன்னெண்டு மணி வரைக்கும் அது சார்வாளோட மரம். அதுக்கப்புறம் மருமகனோட மரம்.”

இவ்வாறு இரு பெண்களின் இரு ஆணைகளும் ஒரே மணியில் வந்து சந்திக்க, நம் வீரனின் மானமும் பதினொரு சங்கிலிவாள்களின் தலையெழுத்தும் அந்த மணியின் இரு முட்களுக்கு இடையே மாட்டிக்கொண்டன.

ஞாயிறு புலர்ந்தது. வாரமெல்லாம் தடதடக்கும் விசைத்தறிகள் ஓய்ந்திருந்தன. ஆதலால் தெருவில் வழக்கத்துக்கு மாறான அமைதி நிலவிற்று. அந்த அமைதியைக் கிழிக்கப் போகிறவன் தானே என்ற எண்ணத்தில் கோமதிசங்கர் விடியலிலேயே குளித்து, திருநீறு பூசி, சங்கிலிவாளுக்கும் ஒரு கீற்று பூசி, அதை வாசலில் மரப்பலகை மேல் எழுந்தருளச் செய்தான். பெட்ரோலில் ஆயிலைக் கலந்து தொட்டியின் விளிம்புவரை நிரப்பினான். செய்தி எப்படியோ பரவி, ஆடித்தபசுத் திருவிழாவுக்கு வந்தவர்கள் போலத் தெருவின் இருபுறமும் மக்கள் திரண்டனர். ஆராதனை முடித்து வெள்ளைச் சேலையில் வந்த தேவமணி டீச்சர், மடக்கு நாற்காலி போட்டு, குடை விரித்து அமர்ந்தார். சாம்சுந்தர் மதில்மேல் ஏறி உட்கார்ந்து, பச்சை வாளை மடியில் வைத்துக்கொண்டான். மாலதி வாசல்நிலையில் சாய்ந்து நின்றாள். அவளுக்கு நேர்மேலே சுவரில் கடிகாரம் பத்து அடித்தது.

கோமதிசங்கர் சோக்கை இழுத்தான். வலக்காலால் வாளின் பிடியை மிதித்தான். கயிற்றின் கைப்பிடியைப் பற்றினான். இழுத்தான்.

‘கொர்ர்க்’ என்றது. இல்லை, இன்னும் ஓடவில்லை; அது அதன் மூட்டுகளின் முனகல். மீண்டும் இழுத்தான். கிணற்றில் நூறு அடிக்குக் கீழே கிடக்கும் நீரை நூறு முறை சேந்துபவன்போல் இழுத்தான். தேர்வடம் பிடித்த ஆயிரம் பேரின் வேலையை ஒற்றை ஆளாகச் செய்பவன்போல் இழுத்தான். பனியன் நனைந்து, வியர்வை முழங்கை வழியே ஓடி, திருநீறு கரைந்து புருவத்தில் இறங்க, இருபது, முப்பது, நாற்பது என்று கூட்டம் வாய்விட்டு எண்ண, நாற்பத்துமூன்றாம் இழுப்பில் கயிறு அறுந்தது. அவன் கைப்பிடியோடு பின்னோக்கிப் பறந்து, தெருவோரத்து மணற்குவியலில் அரியணை ஏறினான்.

ஆனால் தளர்ந்தானா? தளரவில்லை. எழுந்து பின்கட்டுக்கு ஓடி, கொடிக்கயிற்றை இரண்டு வெட்டில் அறுத்தான். அதில் காய்ந்துகொண்டிருந்த ஈரச் சேலைகள் நான்கும் தலையணை உறைகள் ஆறும் போர்க்களத்துக் கொடிகள்போல் மண்ணில் சாய்ந்தன. மாலதி அதைக் கண்டாள். கடிகாரத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் பதினொரு மரண ஓலைகள் இருந்தன.

புதுக் கயிறு பூட்டி இருபது முறை இழுத்தபின், தீப்பொறி பிறப்பிக்கும் பிளக் நனைந்துவிட்டது தெரிந்தது. அதைக் கழற்றி அடுக்களைக்குள் பாய்ந்து, பால் காய்ந்துகொண்டிருந்த அடுப்பில், பால் சட்டியை இறக்கிவைத்து, இடுக்கியால் பிளக்கைச் சுட்டான். அது செந்நிறமாகச் சிவந்ததும் ஓடிவந்து மாட்டினான். மின்பொறி வருகிறதா என்று விரலால் சோதிக்கப் போய், வந்தது என்பதை முழங்கை வரை உணர்ந்து, “வருது! வருது!” என்று அலறினான். அது வலியின் அலறலா, வெற்றியின் அலறலா என்று கூட்டத்தில் இருவேறு கருத்து நிலவிற்று.

பதினொன்று இருபது. நூற்றுப்பதினேழாம் இழுப்பு. சங்கிலிவாள் திடீரென்று, முப்பது ஆண்டு மௌனத்தை உடைத்து, ‘டப்’ என்று ஒரே ஒருமுறை இருமிற்று. புகைக்குழாயிலிருந்து கையகல நீலப்புகை ஒன்று வெளியேறி, தெருவின் நடுவே தயங்கி நின்று, கலைந்தது. கூட்டம் ‘ஓ’ என்றது. டீச்சர் குடையைச் சற்றே தாழ்த்தினார். கோமதிசங்கரின் கண்ணாடிக்குள் நீர் திரண்டது. பிறகு எத்தனை முறை இழுத்தும் அது இருமவுமில்லை, விக்கவுமில்லை. கார்புரேட்டரைப் பிரித்துப் பார்த்தான். உள்ளே, மூச்சுவிடும் சவ்வு போலப் பெட்ரோலை உறிஞ்சி உறிஞ்சிக் கொடுக்க வேண்டிய வட்டமான டயாப்ரம், ஒரு ரூபாய்க் காசினும் சற்றே பெரியது, ஐம்பது வயதில் அப்பளமாகி, அந்த ஒற்றை இருமலில் குறுக்கே கிழிந்திருந்தது.

நம் வீரன் மணலில் அமர்ந்தான். கிழிந்த டயாப்ரத்தை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். புதிதாக வாங்க வேண்டுமானால் அது எந்த நாட்டில் கிடைக்கும் என்றுகூட அவனுக்குத் தெரியாது. அந்நேரம் மதில்மேலிருந்து சாம்சுந்தரின் குரல் எழுந்தது.

“அண்ணாச்சி, எதுக்கு வீணா மூச்சு வாங்குதீய? நம்மகிட்ட பேட்டரி மிஷின் இருக்கு. பட்டனை அமுக்குனா ரெண்டு நிமிசம், வேலை முடிஞ்சுது.” பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பி, “இவாள் மிஷின் ஓடுததுக்குள்ள முருங்கை தானாப் பட்டுப்போயிரும்வே!”

தெரு சிரித்தது. கோமதிசங்கரும் சிரிக்க முயன்றான். முகம் அதற்கு ஒத்துழைக்கவில்லை.

அவையோரே, இந்த இடத்தில் காவியம் திரும்புகிறது. ஏழு மாதங்களாக அந்தச் சங்கிலிவாளை வாய்க்கு வாய் ஏசியவள் மாலதி. ஏசும் உரிமை தனக்கு மட்டுமே உரியது என்பதை அக்கணத்தில்தான் அவளே அறிந்தாள். நிலையிலிருந்து இறங்கி, நனைந்த பூமியில் நடக்கும் யானைபோல் ஒவ்வோர் அடியாக வைத்து, மதிலின் கீழ் வந்து நின்றாள்.

“ஏன் தம்பி, மணி பன்னெண்டு ஆயிருச்சா?”

“இல்லக்கா, பதினொண்ணரை.”

“அப்ப வாயை மூடிட்டு உக்காரு.”

சாம்சுந்தர் வாயை மூடினான். டீச்சரின் உதட்டோரம் ஒரு சிறு புன்னகை வந்து மறைந்ததைக் கண்டவர் உண்டு.

மாலதி கணவன் முன் குந்தி அமர்ந்தாள். “கிழிஞ்சது எது? காட்டுங்க.” காட்டினான். அதை விரலிடுக்கில் வைத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். “இவ்வளவுதானா? இதுக்கா மண்ணுல உக்காந்துருக்கீய?” அவள் அத்தெருவின் பாதிப் பெண்டிருக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுப்பவள், அளவெடுக்காமலே வெட்டும் கையினள். அடுக்களைக்குள் போய், காலிப் பால் கவர் ஒன்றைக் கழுவித் துடைத்து, கத்திரியோடு வந்தாள். பழைய சவ்வை அதன்மேல் வைத்து, கண்ணிமைக்கும் நேரத்தில் வட்டமாக வெட்டி, ஓரத்துத் துளை ஆறையும் ஊசிமுனையால் குத்தி, பல்லால் பிசிறைக் கடித்துத் துப்பி, நீட்டினாள். கோமதிசங்கர் அதைக் கார்புரேட்டரில் வைத்தான். இம்மியும் பிசகாமல் அமர்ந்தது. அவன் நிமிர்ந்து மனைவியைப் பார்த்தான். “என்ன பார்வை? மணியாவுது,” என்றாள் அவள்.

பதினொன்று நாற்பத்தைந்துக்கு, தெருமுனையில் ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது. இறங்கியவர் மைதீன் பாட்சா. சொன்ன நேரத்துக்குக் கால்மணி முன்னதாகவே வந்து, கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடந்தார்.

“தங்கச்சி போன் போட்டா, வந்துட்டேன். ஆனா சார்வாள், நான் வித்த பொருளை நானே திருப்பி ஏத்திட்டுப் போவ மனசு கேக்கல. இன்னும் கால்மணி நேரம் கெடக்கு. அல்லாவை நெனச்சு இழுங்க.”

அவன் எல்லாத் தெய்வங்களையும் நினைத்தான். ஊர்க்கோயிலில் நிற்கிறபடியே சங்கரனையும் நாராயணனையும் ஒரே உடலில் நினைத்தான், கோமதியம்மனை நினைத்தான், பாட்சாவின் அல்லாவையும் டீச்சரின் கர்த்தரையும் நினைத்தான், முடிவில், நினைக்க வேறெவரும் மிஞ்சாத நிலையில், பால் கவரை நினைத்தான். பன்னிரண்டுக்கு நான்கு நிமிடம். நூற்று நாற்பத்தோராம் இழுப்பு.

அப்போது எழுந்தது அந்த ஓசை! முப்பது ஆண்டு உறங்கிய எரிமலை கொட்டாவி விட்டாற்போல, ஊரின் விசைத்தறிகள் அனைத்தும் ஒரு தறிக்குள் புகுந்து குறுக்கோடும் ஒரே நாடாக் கட்டையை எறிந்தாற்போல, ஆயிரம் லாரிகள் ஒரே மேட்டில் ஒரே கியரில் ஏறினாற்போல எழுந்தது! காகங்கள் மேற்கு மலை நோக்கிப் பறந்தன. நாய்கள் பக்கத்துத் தெருவுக்குக் குடிபெயர்ந்தன. புகைக்குழாயிலிருந்து கிளம்பிய நீலப்புகை, கார்காலத்து முகிற்படை போலத் தெருவை விழுங்கி, கூட்டத்தை விழுங்கி, டீச்சரின் குடையை விழுங்கிற்று. புகைக்குள்ளிருந்து, பதினான்கு கிலோ வேழத்தை இரு கைகளிலும் ஏந்தி, வாய் பிளந்து, தனக்கே கேட்காத குரலில் எதையோ கூவிக்கொண்டு வெளிப்பட்டான் கோமதிசங்கர். இருபத்துமூன்று ஆண்டுகளில் முதன்முறையாக, அவன் இழுத்தது ஒன்று பதில் சொல்லியிருந்தது.

முருங்கையை நோக்கி நடந்தான். கிளையின் அடியில் வாளை வைத்தான். அந்தோ, தேக்கையும் ஈட்டிமரத்தையும் தின்று வளர்ந்த அப்பற்கள், முருங்கையின் மென்மைக்கு ஆயத்தமாய் இருக்கவில்லை! அழுத்தவும் இல்லை, தொட்டான், முடிந்தது. ஏழு மாதத் தவமும் நூற்று நாற்பத்தோர் இழுப்பும் ஒரு மூச்சுநேரத்தில் கிளையை ஊடுருவிச் சென்றுவிட, அப்பெருங்கிளை இலையும் பூவும் காயும் கம்பளிப்பூச்சியுமாக நம் வீரன் தலைமேலேயே சரிந்தது.

கூட்டம் சிதறியது. மதில்மேலிருந்த சாம்சுந்தர், கழுத்தில் ஒரு பூச்சி விழுந்த கணத்தில், பச்சை வாளைப் போட்டுவிட்டு மாமியார் வீட்டுக் குளியலறைக்குள் புகுந்து தாழிட்டுக்கொண்டான். டீச்சர் மட்டும் அசையவில்லை. குடையின்மேல் பொத்துப் பொத்தென்று விழுந்தவற்றை ஒரே சுழற்றலில் உதறிவிட்டு, மீண்டும் விரித்துப் பிடித்தார்.

கோமதிசங்கர் வாளை நிறுத்த விரைந்தான். நிறுத்தும் பொத்தானை அமுக்கினான். அது கழன்று அவன் செருப்பின்மேல் விழுந்தது. வேகத்தைக் குறைக்க விசையை விட்டான். அதுவும் சிக்கி, உச்சவேகத்திலேயே நின்றுவிட்டது. தரையில் வைக்கலாமா? சுழலும் சங்கிலி மண்ணைத் தொட்டால் தெருவையே இழுத்துக்கொண்டு ஓடும். எறியலாமா? ஏழு மாதக் குழந்தையை எறிவார் உண்டா? தொட்டியிலோ விளிம்புவரை பெட்ரோல்! ஆகவே நின்றான். முழங்கும் வாளை மார்புக்கு நேரே ஏந்தி, தெருவின் நடுவே, அசையாமல் நின்றான். அவன் தோளில் ஏழு, கழுத்தில் நான்கு, பனியனுக்குள் எண்ணிக்கை தெரியாத கம்பளிப்பூச்சிகள் ஊர்ந்தன. சொறிய ஒரு கை இல்லை. கூவினால் கேட்க ஒரு காது இல்லை. பகைவர் படையே உடலில் ஏறியும் படைக்கலத்தைக் கீழே வைக்காத வீரனை இதற்குமுன் எந்த ஊர் கண்டது?

மாலதி விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வந்தாள். பூச்சிகளை ஒவ்வொன்றாகத் தட்டத் தொடங்கினாள். தோளில் தட்டினாள், முதுகில் தட்டினாள், பனியனைத் தூக்கி உள்ளே தட்டினாள். அவ்வேளை மேலநீலிதநல்லூர் போகும் மினிபஸ் ஒன்று தெருமுனையைக் கடக்க, ஜன்னலோரப் பயணிகள் யாவரும் கண்டது, கையில் மரம் அறுக்கிற மிஷினோடு கண்ணீர் வழிய நிற்கும் ஒரு கணவனையும், அவனை விளக்குமாற்றால் விளாசும் ஒரு மனைவியையுமே. அவர்கள் ஊர்போய் என்ன சொன்னார்கள் என்பதை யாம் விசாரிக்கவில்லை.

பத்து நிமிடத்தில் அவன் கைகள் தாழத் தொடங்கின. பதினான்கு கிலோ, அதிரும் பதினான்கு கிலோ! மாலதி விளக்குமாற்றை எறிந்தாள். சேலையை இடுப்பில் செருகி, அவனுக்குப் பக்கத்தில் நெருங்கி நின்று, முன்பிடியின் கீழ் தன் இரு கைகளையும் கொடுத்தாள். எடை பாதியாயிற்று. தாலி கட்டிய நாளில்கூட அவ்விருவரும் இவ்வளவு நேரம் ஒரே பொருளைப் பற்றி அருகருகே நின்றதில்லை. அதிர்வில் அவள் வளையல்கள் குலுங்கின. அவன் கண்ணாடி மூக்கிலிருந்து தாடைக்கு இறங்கிற்று. ஏதோ சொன்னான். அவளும் ஏதோ சொன்னாள். இருவருக்கும் ஒன்றும் கேட்கவில்லை, இருவரும் சிரித்தார்கள்.

பன்னிரண்டு இருபத்தேழுக்குப் பெட்ரோல் தீர்ந்தது. வாள் இரண்டு முறை விக்கி, அடங்கிற்று. ஊர் முழுதும் காது அடைத்துப்போன பேரமைதி. பாட்சா லோடு ஆட்டோவின் பின்கதவில் கைவைத்தபடி, “தங்கச்சி, அப்ப நான் கெளம்பட்டா?” என்று, வேண்டியதைவிட மிக உரக்கக் கேட்டார்.

“நில்லுங்க பாய்,” என்றாள் மாலதி. முகத்தைத் துடைத்துக்கொண்டு, கணவனைப் பார்த்து உடன்படிக்கை மொழிந்தாள்: “ஓடுனது இருக்கட்டும். அதுகூட மூணு வச்சுக்கிடுங்க, கட்டிலுக்கு அடியில. எந்த மூணுன்னு நீங்களே பாத்து எடுங்க. மிச்சம் ஏழும் வண்டியில ஏறட்டும்.”

வென்றவன் வள்ளல் ஆனான். ஏழையும் ஒவ்வொன்றாகத் தூக்கிவந்தான்; ஒவ்வொன்றையும் வண்டியில் வைக்குமுன் ஒருமுறை கயிற்றை இழுத்துப் பார்த்தான்; ஏழும் ஓடவில்லை; ஏழுக்கும் தலைவணங்கினான். பாட்சா ஓட்டுநரிடம் மெதுவாகப் போகச் சொன்னார்.

இவ்வாறாக, முருங்கைப் பகையை ஒரு மூச்சில் முடித்தவன், நூற்று நாற்பத்தோர் இழுப்பின் நாயகன், நீலப்புகை முகில்வண்ணன், உரோமக் கவசப் படையை வெற்றுடம்பில் தாங்கிய உரவோன், பால் கவர் தந்த பாவையோடு பதினான்கு கிலோ பேரிடியைக் கையிலேந்திய கோமான், வாகை மலர் அவ்வூரில் கிடைக்காமையால் முருங்கைப் பூவே சூடி, தெரு முழுதும் வாய்பிளந்து நோக்க, கீர்த்தி எண்டிசையும் பரவ, தன் அரண்மனைக்குள் தலைநிமிர்ந்து புகுந்தான்.

மறுநாள் உடம்பெல்லாம் அரிக்கிறது என்று கோமதிசங்கர் சார் அரைநாள் லீவு போட்டார்.